நான்காம் திரையில் பழுது

ஆறு மணிக்குக் கதவடைத்தபின்
விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் போதும்,
பகலெல்லாம் வந்துபோன விரல்கள் அத்தனையும்
கண்ணாடியில் எழுந்து நிற்கும்.
பன்னிரண்டு தொடுதிரைகள்.
இடது கையில் கிருமிநாசினி, வலது கையில் துணி.

வரலாற்றில் பிள்ளைகளுக்கு எது பிடிக்கிறதென்று
பாடத்திட்டம் எழுதுகிறவர்களுக்குத் தெரியுமோ என்னவோ,
எனக்குத் தெரியும்.
புலி.
முதல் திரையில் புலியின்மேல்
எத்தனை துடைத்தாலும் மறுநாள் அதே மேகம்.
அப்புறம், பாய்மரம் ஏற்றும் விளையாட்டு.
உடன்படிக்கை கையெழுத்தான நாளின்மேல்
எப்போதும் ஒரே ஒரு கோடு,
'அடுத்து' என்ற பொத்தானை நோக்கி
வழுக்கிப்போன அவசரக் கோடு.
ஜப்பானியர் காலத்து மரவள்ளிக்கிழங்கின்மேல்
நேற்று ஐஸ்கிரீம்.

நான்காம் திரையில் நிற்பவர் கைதி.
எண் ஆயிரத்து நானூற்றுப் பதினேழு.
மதராசில் கப்பலேற்றி
இதோ, பிராஸ் பசா சாலைக்கு அந்தப் பக்கம்தான்
அடைத்துவைத்தார்களாம்.
தமிழில் அவருக்கு ஒதுக்கிய இடம் நான்கு வரி.
கடைசி வரியில் ஒரு புள்ளி
தன் எழுத்தை விட்டு விலகி
அநாதையாய் நிற்கிறது.
மூன்று முறை சொல்லியாயிற்று.

அவர் கையில் சம்மட்டி.
'கல் உடைக்கத் தட்டுங்கள்.'
தட்டினால் உடையும்.
நூறு தட்டினால் ஒரு முழம் சாலை, ஒரு நட்சத்திரம்.
மூச்சே வாங்காத கைதி.
வியர்வை வரைய நேரமில்லை என்றாள்
இதைச் செய்துதந்த நிறுவனத்துப் பெண், சியாவ் வென்.
கெட்டிக்காரி. எனக்கும் ஒரு கோப்பி வாங்கித் தந்தாள்.
அவள்தான் சொன்னாள்:
ஆயுள்கைதி என்றால் நெற்றியில்
குற்றத்தைப் பச்சை குத்திவிடுவார்களாம்.
அதையும் வரைந்துதான் வைத்திருந்தாளாம்.
எட்டு வயதுப் பிள்ளைகள் பார்ப்பது, வேண்டாமென்று
கூட்டத்தில் முடிவாகி
மழமழவென்று விட்டுவிட்டார்கள்.
திருநீறுகூட இல்லாத நெற்றி.

செவ்வாய்க்கிழமை அந்த நெற்றியில்தான் பார்த்தேன்.
இரண்டு சின்ன விரல்
ஒன்றாய் வைத்து விரித்த தடம்.
படத்தைப் பெரிதாக்க நாமெல்லாம் செய்வதுதான்.
அங்கே பெரிதாகாது.
பொத்தான் கிடையாது, தொட்டால் எதுவும் திறக்காது.
ஆனாலும் விரித்திருக்கிறது
பத்துப் பதினைந்து தடவை,
நகம் பட்ட கீறலோடு.

யார் சொல்லியிருப்பார்கள்?
ஆசிரியர் யாராவதா?
இல்லை, யாரும் சொல்லாமலே
கன்னமும் கழுத்தும் வெயிலில் வெடித்திருக்க
அந்த இடம் மட்டும் அவ்வளவு சுத்தமாய் இருந்தது
கண்ணில் உறுத்தியதோ?
சுத்தத்தைப் பற்றி என்னிடம் கேளுங்கள்.
ரொம்பச் சுத்தமாய் இருக்கிறதென்றால்
ஏதோ துடைக்கப்பட்டிருக்கிறது.

நானும் துடைத்தேன். சம்பளம் அதற்குத்தான்.
பிறகு பழுதுப் பதிவேட்டில் எழுதினேன்:
'நான்காம் திரை. நெற்றியில் தொட்டால் வேலை செய்யவில்லை.'

புதன் காலை ஃபிர்தவுஸ் வந்தான்.
மூலைக்கு மூலை தட்டிப் பார்த்தான்,
அணைத்துப் போட்டான்,
இரண்டு நட்சத்திரம்கூட வாங்கினான்.
"அந்த இடத்தில் ஒன்றுமே இல்லையே."
"அதைத்தான் எழுதியிருக்கிறேன்."
என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு
'பழுதில்லை' என்று முடித்துக் கையெழுத்திட்டுப் போனான்.

மாலை விளக்கைச் சாய்த்தேன்.
புலியின்மேல் மேகம். பாய்மரத்தில் பத்து விரல்.
நான்காம் திரையில் இன்று
கொஞ்சம் உயரமான யாரோ,
கட்டைவிரலால்,
தேய்த்துத் தேய்த்து.

ஜோகூர் பேருந்துக்கு நேரமாகிவிட்டது.
நின்றுகொண்டே அதே வரியை எழுதி
'அவசரம்' என்ற கட்டத்தில்
சரி போட்டேன்.